ஞாயிற்றுக்கிழமை மூக்கு திறக்கிறதா?

நெற்றி வலித்தாலே அதற்குச் 'சைனஸ்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தமக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறக்குறைய 3,000 பேரை எடுத்துக்கொண்டது. காய்ச்சலோ சீழ்ச்சளியோ இல்லாத அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தவை மைக்ரேனின் அறிகுறிகள். சைனஸ் அழற்சி என்றால் மூக்கடைப்போ, முன்பக்கமோ தொண்டைக்குள்ளோ இறங்கும் சளியோ இருந்தே ஆகவேண்டும். முகவலியும் வாசனைக் குறைவும் துணைச் சாட்சிகள். 12 வாரம் தாண்டினால் அது நாள்பட்டது. 'ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?' என்பார்கள். 1994இல் வெறும் ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. எடுத்ததில் 27 பேரின் கன்னச் சைனஸில் மாற்றம் தெரிந்தது! அறிகுறிகளைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் நோயாளிதான். நாள்பட்ட தொல்லைக்கு எண்டோஸ்கோப்பும் சி.டி.யும் வேண்டும், கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே வேண்டும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் சேர வேண்டும்: என்ன வேலை? தோல் ஷாப்பில் இருப்பவருக்கு அங்குள்ள நாற்றம் உறைக்காமல் போவது பழக்கம், அது நோயல்ல. வீட்டில் ரசம் தாளிப்பதும் காபித்தூளும் மணக்கவில்லை என்றால்தான் வாசனை போயிருக்கிறது. அடைத்த மூக்கு விடுமுறையில், பிள்ளைகளோடு அமிர்திக் காட்டுக்குப் போன ஞாயிறன்று திறந்து, திங்கள் வேலைக்குப் போனதும் மறுபடி அடைத்தால் சந்தேகம் வேலையிடத்தின் மேல் திரும்புகிறது. (மகரந்த ஒவ்வாமைக்காரருக்குக் காட்டிலேயே தும்மல் கூடலாம், அதுவும் ஒரு துப்புதான்.)

ஒரே பக்கம் அடைப்பு, ஒரே பக்கம் ரத்தம் கலந்த சளி என்றால் காத்திருக்கக் கூடாது. தோல் தூசி மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த ஒன்று. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் ஷூத் தொழிலாளரிடம் அது 1970லேயே பதிவானது. இதைச் சொல்வது வீண் பயமுறுத்தல் என்று கேட்கலாம். அரிய நோய்தான், ஒருபக்க அடைப்புக்கு வளைந்த மூக்குத் தண்டோ பூஞ்சையோகூடக் காரணமாகலாம். ஆனால் பயப்படவேண்டிய ஆளைப் பிரித்தெடுக்கவே 'என்ன வேலை?' என்ற இந்தக் கேள்வி. தூசிக்கும் கட்டிக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிவிடும். ஆகவே 'இப்போ சும்மாதான் இருக்கேன்' என்கிற பெரியவரிடம், முன்பு தோலைத் தேய்க்கும் பஃபிங் வேலையில் இருந்தாரா, எத்தனை வருடம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.