தூரிகையும் துவிச்சக்கர வண்டியும்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் நம் தீவுகளுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றனர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்த தீவை லைடன் என்றனர். நயினாதீவை ஹார்லெம் என்றனர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை இங்கே நட்டுச் சென்றனர். அம்மூன்று நகரங்களும் ஓவியக் கலைக்குப் புகழ்பெற்றவை என்பது ஒரு விநோதப் பொருத்தமாகும். லைடன் ரெம்பிராண்ட் பிறந்த ஊர். டெல்ஃப்ட் வெர்மீர் பிறந்து வாழ்ந்து மறைந்த ஊர். ஹார்லெம் இயற்கைக் காட்சி ஓவியத்தில் ஈடிணையற்ற ரூயிஸ்டால் பிறந்த ஊர்.

இப்பொருத்தம் பெயரளவில் நின்றுவிடவில்லை. ஒல்லாந்து தாழ்ந்த சமவெளி நாடு. நம் தீவுகளும் அத்தகையனவே. ரூயிஸ்டால் தொடுவானத்தைத் தாழ்த்தி வரைந்து, படத்தின் பெரும்பகுதியை வானுக்கும் முகிலுக்கும் விட்டுக்கொடுத்தார். “வெட்டவெளியில் வரைவதற்கு என்ன இருக்கிறது?” என வினவும் நம் மாணவர்க்கு அதுவே விடை. பண்ணைப் பாலத்தில் நின்று நோக்குங்கள். ஆழமற்ற கடலின் இளம்பச்சையும், கரையோரச் சாம்பல் நிறமும், தொலைவில் வரிசையாய் நிற்கும் பனைகளும், அனைத்துக்கும் மேலே அளவிறந்த வானமும் தூரிகையை அழைப்பன அல்லவா?

ஓவியன் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் பெருந்துணை புரிந்தன. வர்ணத்தை அடைத்துக் கொண்டுசெல்லத்தக்க உலோகக் குழாய் 1841ஆம் ஆண்டில் உருவாயிற்று. இன்று நாம் ஓட்டும் வடிவிலான துவிச்சக்கர வண்டி 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. மோட்டார் வண்டியிற் செல்பவர் காட்சியைக் கடந்து போகிறார். துவிச்சக்கர வண்டியிற் செல்பவரோ வேண்டிய இடத்தில் இறங்கி, வேலியோரம் சாத்திவிட்டு, பூவரச நிழலில் அமர்ந்துவிடலாம்.

யாழ் நகரிலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகம் போகும்போது முகத்தில் அறையும். திரும்பும்போது முதுகைத் தள்ளிக் கொடுக்கும். எனவே விடியுமுன் புறப்படுதல் நன்று. துறையில் வண்டியைப் படகில் ஏற்ற இயலுமா எனப் படகுக்காரரிடம் கேட்டறிக. நயினாதீவு மிக அண்மையது. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமளவு செல்லும்.

வேண்டுவன சிலவே: தடித்த தாள், அதைப் பொருத்த ஒரு பலகை, ஆறேழு வர்ணங்கள், இரண்டு தூரிகைகள், பழந்துணி, ஒரு போத்தல் நன்னீர். கடல்நீரை வர்ணத்திற் கலத்தலாகாது. உப்பு தாளிற் படிந்து நிறத்தைக் கெடுக்கும். நம் வெயிலிலும் காற்றிலும் ஈரம் நொடியில் உலர்ந்துவிடும். ஆதலால் வானை முதலிலே, நிறைய நீருடன், தயக்கமின்றித் தீட்டிவிடல் வேண்டும். இளநிறம் முன்னும் கருநிறம் பின்னும் வருவதே முறை. வெண்மைக்கு வர்ணமில்லை, தாளின் வெண்மையையே விட்டுவைக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நிழல்கள் நீண்டு உருவங்கள் துலங்கும்; உச்சிப் பொழுதிலோ யாவும் தட்டையாகிவிடும்.

நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையும் ஒரே கரையில் எழுந்து நிற்கின்றன. நெடுந்தீவிலோ பவளக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள், பருத்த பெருக்க மரம், கோட்டையின் சிதைவு, வெளியில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகள் என்று ஒரு நாளில் அடங்காத பொருள்கள் உள.

இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடல் தகாது. 1938ஆம் ஆண்டில் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்னர் ஓவியர் மாற்கு (1933–2000) மாணவர் பலரை உருவாக்கினார். ஆயினும் போரும் இடப்பெயர்வும் நம் ஓவியச் செல்வத்திற் பெரும்பகுதியைக் கொண்டுபோயின. தீவகத்திலே 1990ஆம் ஆண்டையடுத்து மக்கள் பெயர்ந்து சென்ற வீடுகள் பல இன்றும் கூரையின்றி நிற்கின்றன. திண்ணையில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. கல்மதில் சரிந்த இடத்திற் சீமெந்துச் சுவர் எழுகிறது. இவற்றைப் புகைப்படக் கருவி நொடியிற் பதிவுசெய்யும், உண்மைதான். ஆனால் ஒரு மதிலை ஒரு மணி நேரம் பார்த்து வரைந்த பிள்ளை, அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்துகொள்கிறது. அறிந்ததை இழக்க அதற்கு மனம் வராது.

சனி, ஞாயிறு நாள்களையும் ரியூசன் வகுப்புகளுக்கே ஒப்புவித்துவிட்ட பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறையேனும் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும். ஒரு பெட்டி வர்ணமும் காற்று நிரப்பிய இரண்டு சில்லுகளும் போதும். தம் ஊரை அவர்கள் தம் கண்ணாற் காணட்டும்.