பெல் கேட்காத ஊரில் சைக்கிள்

மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் பள்ளிபாளையத்துச் சாலைகள் சைக்கிள்களால் நிரம்பிவிடும். ஆவாரங்காடு, ஒட்டமெத்தை, வெடியரசம்பாளையம், ஆயக்காட்டூர் என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு சீருடைக் கூட்டம் கிளம்பும். மூன்று பேர் தோளோடு தோளாகப் போவார்கள். நடுவில் இருப்பவன் ஒரு கையைப் பக்கத்து நண்பனின் தோளில் போட்டிருப்பான். ரோட்டைக் கடக்கச் சோம்பல்பட்டு வலது ஓரத்திலேயே எதிர்த்து வருகிறவர்கள் உண்டு. சந்திலிருந்து நிற்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், பிரதான சாலைக்குள் பாய்கிறவர்களும் உண்டு. ஊருக்குள் எழுந்திருக்கும் மேம்பாலத் தூண்களுக்குப் பின்னாலிருந்து யார் வருகிறார்கள் என்பது வந்த பிறகுதான் தெரியும்.

அதே நேரத்தில்தான் தறிப்பட்டறையிலிருந்து டீக்கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி ஓரமாக நடக்கிறார். சைக்கிள் கடைசி நொடியில் வளைந்து, அவர் சேலையை உரசிக்கொண்டு போகிறது. "பாத்துப் போ சாமி" என்று ஒரு குரல் எழும். அதோடு முடிந்தது. யாரும் விழவில்லை, அதனால் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

நம்முடைய கணக்குப் புத்தகங்கள் விழுந்தவர்களை மட்டுமே எண்ணுகின்றன. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. காவல் நிலையம் வரை போனவை மட்டும்தான் இதில் அடங்கும். சைக்கிள் இடித்து முட்டி பெயர்ந்தவரும், தப்பித்து நெஞ்சு படபடக்க நின்றவரும் எந்தப் பதிவிலும் இல்லை. ஒழுங்காக நடக்கும் தொழிற்சாலைகளில் நூலிழையில் தப்பிய சம்பவத்தையும் பதிவேட்டில் எழுதி, காரணம் தேடுவார்கள். இன்று தப்பியது நாளை தப்பாது என்பது அங்கே பாடம். சாலைக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது.

"சைக்கிள்தானுங்களே, அதுல என்ன ஆகப்போகுது" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பரிவுக்கு நியாயமான காரணம் உண்டு. காவிரிப் பாலத்தில் லாரிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒடுங்கிப் போகும் சைக்கிள்காரர்தான் அங்கே மிக எளிதில் உயிர் போகக்கூடியவர். பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தால் மண்ணில் இறங்க வேண்டியவரும் அவரே. ஆனால் லாரிக்கு முன்னால் எளியவராக இருக்கிற அதே ஆள், நடந்துபோகும் கிழவிக்கு முன்னால் வலியவர். பத்தடி தள்ளி நடப்பவரைப் பொறுத்தவரை அவர் ஓட்டுவது கனமான ஒரு வாகனம்தான்.

சைக்கிளும் ஆளும் புத்தகப் பையும் சேர்ந்தால் எழுபது கிலோவை நெருங்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது பையன்களுக்குச் சாதாரண வேகம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு, மூளை சொல்லி, விரல் பிரேக்கைத் தொடவே ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். இரும்பு ரிம்மும் கம்பி பிரேக்கும் உள்ள சைக்கிள் என்றால் மழை நாளில் நிலைமை இன்னும் மோசம். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்த ரிம்மில் நின்ற தூரத்தில் நிற்காது. பிரேக் கட்டை தேய்ந்து, காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிற சைக்கிள்கள் எத்தனை ஓடுகின்றன என்று எந்த சைக்கிள் கடைக்காரரைக் கேட்டாலும் தெரியும்.

இடிபடும் வயதானவருக்கு நேர்வதையும் பார்க்க வேண்டும். தலையில் அடி படாவிட்டாலும் இடுப்பெலும்பு முறிந்தால் போதும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைப்பவர்களிலும் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை. சைக்கிள் போன திசையில் போய்விடும். வீடு மட்டும் அந்தக் கட்டிலைச் சுற்றியே இயங்கத் தொடங்கும்.

பள்ளிபாளையத்துக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

இது விசைத்தறி ஊர். தெருவுக்குத் தெரு தறி ஓடுகிறது. தறிப்பட்டறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். பழகியவர்கள் கைச்சாடையில் பேசிக்கொள்வார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்கின்றன நம் தொழிற்சாலை விதிகள். பல தறிக்கூடங்களில் இரைச்சல் அதைத் தாண்டும். இப்படி முப்பது, நாற்பது வருடம் தறி ஓட்டியவரின் காதில் முதலில் மறைவது தாழ்ந்த ஓசைகள் அல்ல, கூர்மையான உயர்ந்த ஓசைகள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டித் தொடங்கும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. லாரியின் உறுமல் அவருக்குக் கேட்கும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். 'கிணிங்' என்கிற சைக்கிள் பெல்தான் கேட்காமல் போகும்.

பையன் பெல் அடித்துக்கொண்டேதான் வருகிறான். பெல் அடித்ததும் பெரியவர் விலகுவார் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் வருகிறான். பெரியவர் விலகவில்லை. அல்லது கடைசி நேரத்தில் ஏதோ உணர்ந்து, சைக்கிள் ஒதுங்கிய பக்கமே அவரும் ஒதுங்குகிறார். "பெல் அடிச்சேனே" என்று பையன் சொல்வது பொய்யல்ல. "கேக்கவே இல்லீங்க" என்று பெரியவர் சொல்வதும் பொய்யல்ல. வேறு ஊர்களில் பெல் ஓரளவு காப்பாற்றலாம். இந்த ஊரில் நடப்பவருக்குக் காது கேட்காது என்று வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும் வரை வேகம் நடைவேகமாகத்தான் இருக்க வேண்டும். நான்கு வாகனம் போகும் சாலையில் மட்டுமல்ல, மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்காலின் ஓரப் பாதையிலும் இதுதான் முறை. நடப்பவரும் சைக்கிளும் ஆடு மாடும் பங்கிடும் அந்தக் குறுகிய பாதையில் ஒதுங்க இடம் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் பெயருக்கேற்ப மோட்டார் வாகனங்களுக்கானது. சைக்கிளுக்கு லைசென்ஸும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. சிறுவன் பைக் ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சைக்கிளுக்கு அது பொருந்தாது. அதற்காகச் சைக்கிள்காரர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ம் பிரிவு, பொதுவழியில் கண்மூடித்தனமாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. எஞ்சின் இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை.

அடிபட்டவருக்கு இதனால் என்ன கிடைக்கும் என்றால், பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பைக் மோதியிருந்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உண்டு, இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. சைக்கிள் மோதினால் சிவில் வழக்குதான். தறிக்கூலிக் குடும்பம் ஒன்று இன்னொரு தறிக்கூலிக் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டு எதை வாங்கப் போகிறது? 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அது பெரிய உதவி. அதற்குப் பிறகு வரும் மாதங்களைக் குடும்பம்தான் தாங்க வேண்டும்.

ஜப்பானில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2008-ல் கோபே நகரில், இருட்டு நேரத்தில், 11 வயதுச் சிறுவன் ஒருவன் சரிவான சாலையில் வேகமாக இறங்கி, நடந்துபோன பெண் மீது மோதினான். அறுபது வயதைத் தாண்டியிருந்த அந்தப் பெண் நினைவு திரும்பாமலே கிடந்தார். 2013-ல் கோபே மாவட்ட நீதிமன்றம், மகனுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வையிடத் தவறியதாகத் தாயைப் பொறுப்பாக்கி, சுமார் 9.5 கோடி யென் கொடுக்கச் சொன்னது. அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். தீர்ப்பு அந்த நாட்டையே உலுக்கியது. கோபே அமைந்திருக்கும் ஹியோகோ மாகாணம் 2015-ல் சைக்கிளுக்கு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. 2024 நவம்பரிலிருந்து செல்போன் பார்த்தபடி சைக்கிள் ஓட்டினால் ஜப்பான் முழுவதும் ஆறு மாதம் வரை சிறை. நம்மவர்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வேக எல்லையே வைத்திருக்கிறார்கள்.

ஐந்து கோடி ரூபாய் தீர்ப்புகள் இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பள்ளிபாளையத்துக் குடும்பம் எதுவும் அதைத் தாங்காது. ஆனால் அந்தத் தீர்ப்பின் அடியில் இருக்கும் எண்ணம் சரியானது என்றே நினைக்கிறேன்: பிள்ளைக்குச் சைக்கிளைக் கொடுத்தவர், ஓட்டும் முறையையும் கொடுத்தாக வேண்டும்.

ஒரு காலத்தில் நம் ஊர்களிலும் இதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்தன. இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போனால் போலீஸ் நிறுத்தும். டபுள்ஸ் போனாலும் நிறுத்தும். சிலர் மண்ணெண்ணெய் விளக்கு மாட்டினார்கள், பின்னர் டைனமோ வந்தது. அந்த வரி ஏழைகளை வருத்தியது உண்மை, அது போனது நல்லதே. வரியோடு விளக்கும் போய்விட்டதுதான் நட்டம். இன்று இரவு ஷிப்ட் முடிந்து வரும் தறிக்காரரின் சைக்கிளில் முன்னால் வெளிச்சம் இல்லை, பின்னால் சிவப்புப் பட்டைகூட இல்லை. அவர் யாரையும் பார்க்க முடியாது, யாரும் அவரைப் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டைப் போல மாணவர்களுக்கு அள்ளிச் சைக்கிள் கொடுத்த மாநிலங்கள் குறைவு. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிந்தது. ஆண்டுதோறும் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள்கள். தறிக்கூலி வீட்டுப் பெண்பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்கு அந்தச் சைக்கிள் எவ்வளவு பெரிய காரணம் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அதை ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சைக்கிளோடு சாலையைப் பற்றிய ஒரு மணி நேரப் பாடம் சேர்ந்தே வர வேண்டும் என்பது திட்டத்தின் பகுதியாக இல்லை. மேடை, வரிசை, புகைப்படம் எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் நேரே லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

கற்றுக்கொடுக்க நமக்குத் தெரியாதா என்ன? 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். மைதானமும் பொறுமையும் ஊர்க்காரர்களின் ஒத்துழைப்பும் போதுமாக இருந்தன. நெதர்லாந்தில் 11, 12 வயதுப் பிள்ளைகள் சாலை விதித் தேர்வு எழுதி, தெருவில் சைக்கிள் ஓட்டியும் காட்டுகிறார்கள். புதுக்கோட்டையில் நாம் செய்தது அதைவிடக் கடினமான வேலை.

பாதையும் வேண்டும், மறுக்கவில்லை. சைக்கிளுக்கென்று தனித்தடம் எப்படி அமைய வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. ஆனால் தடம் வரும்வரை பாட்டி நடந்துகொண்டுதான் இருக்கப் போகிறார்.

ஆகவே பள்ளிபாளையத்துத் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு சைக்கிள் கொடுக்கும் நாளில், சாவியைக் கொடுக்கும் முன் பிள்ளைகளை மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டவையுங்கள். ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பிரேக்கையும் முறுக்கச் சொல்லுங்கள். சந்திலிருந்து வெளியே வரும்போது காலை ஊன்றி நிற்பது, ஒருவர் பின் ஒருவராகப் போவது, இடது ஓரத்தை விடாமல் இருப்பது, இவற்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். காது மங்கிய ஒரு பழைய தறிக்காரரையும் அழைத்து அங்கே நடக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பெல் அடித்தும் அவர் திரும்பாததைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். நகராட்சி செய்ய வேண்டியது, ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டித் தருவது. பெற்றோர்களே, பிரேக் கட்டை மாற்றச் சில பத்து ரூபாய்தான் ஆகும். பிள்ளையின் சைக்கிளை இன்றைக்கே ஒருமுறை தள்ளி, பிரேக் பிடித்துப் பாருங்கள்.