கத்தி படுவது ஒரு மணித்தியாலம்

வெறும் வயிற்றோடு இருக்கும்போது நம் இரைப்பையின் உள்ளளவு ஒரு கோழிமுட்டையைவிடச் சற்றுத்தான் பெரிது. சாப்பிடத் தொடங்கினால் அதுவே விரிந்து ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளும். கல்யாண வீட்டில் இரண்டாம் தரம் சோறு போட்டாலும் இடமிருப்பது அதனால்தான். உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைகளில் இன்று அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இதில் இந்தப் பையின் முக்கால்வாசியோ அதற்கு மேலோ நெடுக்காக வெட்டி அகற்றப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். 100 முதல் 150 மில்லிலீற்றர் வரை கொள்ளும். ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை, அவ்வளவுதான்.

பை சிறுத்தது, சாப்பாடு குறைந்தது, ஆள் மெலிந்தார். விஷயம் இதோடு முடிந்தது என்றுதான் வைத்தியர்களும் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1995இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்ட்டர் போரிஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். 'பைபாஸ்' என்பது இன்னொரு முறை. இரைப்பையின் மேல் நுனியில் சிறு பையொன்றை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைப்பார்கள். நீரிழிவோடு வந்து இந்தச் சிகிச்சை பெற்ற 146 பேரில் 121 பேருக்கு இரத்தச் சீனி வழமைக்குத் திரும்பியிருந்தது. வியப்பு அதுவல்ல. பலருக்கு உடம்பு மெலியத் தொடங்கும் முன்பே, சில நாட்களுக்குள்ளேயே சீனி இறங்கியிருந்தது. 'யார் நினைத்திருப்பார்?' என்றே கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டார் போரிஸ்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், மேடும் படியுமாக இருக்கும் மஹய்யாவையில் நின்று பார்த்தால் இது தூரத்துச் செய்தி போலத் தெரியும். ஆனால் சீனி வருத்தத்துக்கான கிளினிக் கொப்பி ஒன்றாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. கொழும்பில் அரசாங்க வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் இந்தச் சத்திரசிகிச்சை நடக்கிறது. இந்தியாவின் நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லி 2014இல் இதைச் செய்துகொண்டதும், நீண்டகால நீரிழிவோடு கூடிய எடையைக் கட்டுப்படுத்தத்தான்.

யாருக்கு இது பொருந்தும்? கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. பொதுவாக அது 35ஐத் தாண்டினால் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம் என்கின்றன 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டல்கள். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது ஏறத்தாழ 90 கிலோ. ஆசியருக்கு மட்டும் எல்லையை 27.5க்கு இறக்கியிருக்கிறார்கள். அதே உயரத்துக்கு 70 கிலோ! காரணம், நம்மவர் உடம்பு கொழுப்பைச் சேர்க்கும் இடம். தொடையிலும் தோலுக்கடியிலும் போக வேண்டியது வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிப் போய்ச் சேர்கிறது. வெளியே 'கொஞ்சம் தொந்தி' என்று தெரிபவருக்கும் உள்ளே நீரிழிவு வேலையைத் தொடங்கியிருக்கும். இருந்தாலும் சுட்டி ஒரு வாசல் மட்டுமே. உள்ளே விடலாமா என்பதை வைத்தியக் குழுதான் முடிவு செய்யும்.

ஆயத்தத்தின் முதல் இலக்கு இரைப்பை என்று நினைப்போம். உண்மையில் அது ஈரல். சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேற்பகுதியை மறைத்துக்கொண்டு கிடக்கிறது. பருமனானவருக்கு அது கொழுப்பேறி வீங்கியிருக்கும். தூக்கிப் பிடித்தால் கிழிந்து இரத்தம் கசியும். அதனால் சத்திரசிகிச்சைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள் சாப்பிடச் சொல்கிறார்கள். இரவுக் கடையில் வாங்கும் ஒரு முழுக் கொத்து ரொட்டியே அந்தக் கணக்கை முடித்துவிடக்கூடும். சோறு, பாண், சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் ஒதுங்க, அவித்த முட்டை, மீன், பருப்பு, கீரை முன்னுக்கு வரும்.

இந்த இரண்டு வாரத்தில் உள்ளே நடப்பது அழகான வேலை. ஈரல் அவசரத் தேவைக்கென்று ஏறத்தாழ 100 கிராம் மாச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்து வரவு குறைந்தால் முதல் சில நாட்களிலேயே அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. பிறகு கொழுப்பின் முறை. ஈரல் சுருங்கி மென்மையாகி, ஓரமாக ஒதுங்கிக்கொடுக்கும் பதத்துக்கு வருகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சாப்பாடு இவ்வளவு குறையும்போது பழைய அளவிலேயே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சீனி ஆபத்தாக இறங்கும். அளவை வைத்தியரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

சத்திரசிகிச்சை துளைவழியாக நடக்கிறது. வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள். ஒன்றில் கமரா, மற்றவற்றில் கருவிகள். உள்ளே இடம் உண்டாக்கக் காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பவைப்பார்கள். ஏன் அந்த வாயு? அது தீப்பற்றாது. இரத்தத்தில் சட்டென்று கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். வேண்டிய அமுக்கமும் கொஞ்சம்தான். பிரஷர் பார்க்கும்போது கீழ் எண்ணாக 80 வருகிறதல்லவா, அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவில் வயிறு எழும்பி, கருவிகள் நடமாட ஒரு கூடம் உண்டாகிவிடுகிறது.

வெட்டுவதும் தைப்பதும் ஒரே கருவிதான். ஸ்டேப்லரின் தாடைகள் இரைப்பையை இறுக்கிப் பிடிக்கும். பக்கத்துக்கு மூன்று வரிசையாக டைட்டேனியம் கம்பிகள் இறங்க, நடுவே கத்தி ஓடும். ஒவ்வொரு கம்பியும் சில மில்லிமீற்றர்தான். இறங்கும்போது அதன் இரு கால்களும் உள்ளே மடங்குகின்றன. முழுக்க நசுங்காமல் இரு சிறு வளைவுகளை விட்டு மடங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரைப்பைச் சாறு கசியாத அளவுக்கு இறுக்கம். நுண்ணிய இரத்தக்குழாய்களில் இரத்தம் ஓடும் அளவுக்கு இடைவெளி. இரத்தம் ஓடாவிட்டால் வெட்டிய ஓரம் ஆறாது. 1908இல் புடாபெஸ்ட் நகரில் ஹ்யூமர் ஹுல்ட்ல் உருவாக்கிய முதல் ஸ்டேப்லர் மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. குடலை ஒட்டவைக்கும் யோசனை அதைவிட மிகப் பழையது. கிழிந்த குடலின் ஓரங்களைப் பெரிய கறுப்பெறும்புகளைக் கொண்டு கடிக்கவைத்து, தலையை மட்டும் விட்டு உடலைக் கிள்ளிவிடும் முறை சுஸ்ருத சங்கிதையில் சொல்லப்பட்டிருக்கிறது.

கண் விழித்ததும் பலர் சொல்லும் முதல் முறைப்பாடு, 'தோள்மூட்டு வலிக்குது' என்பதுதான். வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில்! மிச்சமிருக்கும் வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மென்தகட்டை உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தோளின் உணர்வும் அதே இடத்தில்தான் முள்ளந்தண்டுக்குள் நுழைகிறது. செய்தி வந்த வாசல் ஒன்றாக இருப்பதால் மூளை விலாசத்தைப் பிழையாக வாசித்துவிடுகிறது. எழுந்து நடக்க நடக்க இரண்டொரு நாளில் வலி போய்விடும்.

நடை வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். அசையாமல் கிடந்தால் காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஆகவே அன்றைக்கே தாதி வந்து எழுப்பி நடக்கவைப்பார். வீடு வந்த பிறகு மஹய்யாவைக்காரருக்கு மேடுதான் சிக்கல். முதல் வாரங்களில் சமதரையே நல்லது. சுற்றினால் சுமார் மூன்று கிலோமீற்றர் வரும் கண்டி ஏரிக்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பிடிக்கலாம். தண்ணீர் வாளியையும் காஸ் சிலிண்டரையும் நாலைந்து வாரத்துக்கு வேறு யாராவது தூக்கட்டும். நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் துடித்துக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தாலோ காத்திருக்கக்கூடாது. நூறில் ஒருவர் அளவில் தையல் வரிசை கசிவதுண்டு. அதை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் நாடிதான்.

இனிச் சாப்பாடு. முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கூழ், பிறகு மசித்தது, ஏறத்தாழ ஆறாம் வாரத்துக்குப் பிறகு திண்ம உணவு. முதல் நாட்களில் ஒரு வாய்க்கு 30 மில்லிலீற்றர்தான். நாளைக்கு ஒன்றரை லீற்றர் குடித்து முடிக்க 50 தடவை வேண்டும். விழித்திருக்கும் பதினைந்து மணித்தியாலத்தில் பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு மிடறு. தண்ணீர் குடிப்பதே முழுநேர வேலையாகிவிடும்.

இவ்வளவு குறைத்தும் பசி வாட்டுவதில்லை. அது எப்படி? 1999இல் ஜப்பானில் மசயாசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கிரெலின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு வேளை நெருங்கும்போது இரத்தத்தில் ஏறி மூளைக்குப் பசியை அறிவிப்பது அதுதான். அது பெருமளவில் சுரக்கும் இடம் இரைப்பையின் மேல் வளைவு. ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படுவதும் அதே இடம். இன்னொரு பக்கம், உணவு வழமையைவிட வேகமாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை எட்டுகிறது. அங்குள்ள கலங்கள் ஜீஎல்பி-1 என்ற ஓமோனை அள்ளிவிடுகின்றன. அது சதையியிடம் இன்சுலினைச் சுரக்கச் சொல்கிறது, மூளையிடம் 'போதும்' என்கிறது. போரிஸின் நோயாளிகளுக்கு மெலியும் முன்பே சீனி இறங்கியதற்கு இது ஒரு காரணம், சாப்பாடு சட்டென்று குறைந்தது இன்னொன்று. இன்று பேசப்படும் எடைகுறைப்பு ஊசிகள் இதே ஓமோனின் வேலையை வெளியிலிருந்து செய்கின்றன.

குடலுக்குப் போகும் வேகம் கூடியதற்கு ஒரு விலையும் உண்டு. குறிப்பாகப் பைபாஸ் செய்தவர் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியையோ கித்துள் பாணியையோ எடுத்தால், இனிப்பு ஒரேயடியாகக் குடலில் இறங்கி உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும். இரண்டு தரம் பட்டவர் மூன்றாம் தரம் இனிப்பை நீட்டினால் தானே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

தட்டின் ஒழுங்கும் தலைகீழாகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20. கோப்பையளவு வயிற்றில் சோற்றை முதலில் வைத்தால் மற்றதற்கு இடமிருக்காது. ஆகவே முதலில் மீன் அல்லது முட்டை, அடுத்து பருப்பு, அதற்குப் பின் மரக்கறி, கடைசியில்தான் இரண்டு வாய் சோறு. தண்ணீருக்கு அரை மணித்தியாலம் தள்ளி வேறு நேரம்.

மூன்றாம் மாதம் சீப்பில் முடி கொத்தாக வரும். பயப்பட வேண்டியதில்லை. பெரிய அதிர்ச்சியொன்று நடந்தால் முடிவேர்கள் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகும். ஓய்வெடுத்த முடி உதிர மூன்று மாதமளவில் ஆகும். இன்று சீப்பில் வருவது சத்திரசிகிச்சை நாளின் செய்தி. பெரும்பாலானவருக்கு அது திரும்ப வளரும். வேகமாகக் கரையும் கொழுப்பு பித்தப்பையில் கல்லாகப் படியலாம் என்பதால் சிலருக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பார்கள்.

பலன் நிலைக்குமா? சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வு ஏறத்தாழ 4,000 பேரைப் பின்தொடர்ந்தது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணம் கால்வாசியளவு குறைந்திருந்ததை 2007இல் அறிவித்தார்கள். எடையில் ஒரு பகுதி சிலருக்குத் திரும்பினாலும் ஆயுள் கூடியிருந்தது.

அந்த ஆயுளைக் காப்பது சின்னச் சின்ன மாத்திரைகள். விற்றமின் பி1 உடம்பில் இருப்பதே 30 மில்லிகிராம் அளவில்தான். இரண்டு மூன்று வாரம் வாந்தி நீடித்தால் தீர்ந்துவிடும், மூளை பாதிக்கப்படும். அரிசியின் தவிட்டோடு போகும் இந்தச் சத்து குறைந்ததால்தான் அந்தக் காலத்தில் பெரிபெரி நோய் வந்தது. பி12 இதற்கு நேரெதிர். அதை உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில் சுரக்கிறது. இரைப்பை போனால் வரவு குறையும், ஆனால் ஈரலின் இருப்பு மூன்று நான்கு வருடம் தாங்கும். ஆகவே குறை தெரிவது, சத்திரசிகிச்சை நடந்ததையே வீட்டார் மறந்துவிட்ட காலத்தில். கால் விறைக்கும், நடை தளம்பும், 'வயசுக்கு' என்று விட்டுவிடுவார்கள். அதனால் எந்த வைத்தியரிடம் எதற்காகப் போனாலும், பத்து வருடம் கழிந்தாலும், முதலில் சொல்ல வேண்டியது இரைப்பையில் செய்த வேலையைத்தான். வருடத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் தினம் ஒரு மாத்திரையும், கத்தி பட்ட அந்த ஒரு மணித்தியாலத்தின் மிச்ச வேலை. அதை முடித்துவைக்க நோயாளியைத் தவிர வேறு யாரும் இல்லை.