பொது நிர்வாக முதுகலைப் பட்டம்: யாருக்குப் பயன், யாருக்கு வீண் செலவு?

இளங்கலைப் பட்டம் முடித்து, அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்து, அழைப்பு வராமல் காத்திருக்கும் இளைஞர்களுக்கு வீட்டிலும் நண்பர்களிடமும் அடிக்கடி கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு. சும்மா இருப்பதைவிட ஒரு மாஸ்டர்ஸ் படித்து வைத்தால் நல்லது, அதுவும் பொது நிர்வாகம் படித்தால் அரசாங்கத்தில் சுலபமாக இடம் கிடைக்கும் என்பதே அது.

படிப்பு நல்லதுதான். ஆனால், அந்த ஆலோசனையின் இரண்டாவது பாதி சரியல்ல. பொது நிர்வாக முதுகலைப் பட்டம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவசியம்.

வேலையில் சேர இது நிபந்தனை அல்ல

அரசாங்க நிர்வாகத்தில் பலரும் கனவு காணும் பதவி பிடிடி எனப்படும் நிர்வாக, அரச தந்திர அதிகாரி பதவி. எம்41 என்று பல காலம் அறியப்பட்ட இதன் தொடக்க நிலை, 2024 டிசம்பர் 1-ஆம் தேதி புதிய சம்பள முறை நடப்புக்கு வந்த பிறகு எம்9 என மாறியுள்ளது. இதற்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி, அரசாங்கம் அங்கீகரித்த இளங்கலைப் பட்டம். அத்துடன் எஸ்பிஎம் தேர்வில் மலாய் மொழிப் பாடத்தில் கிரெடிட் தேவை. அந்த இளங்கலைப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம்.

தகுதியுள்ளவர்கள் பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ-வில் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வு, மதிப்பீட்டு மையச் சோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். முதுகலைப் பட்டம் இருப்பதால் இந்தப் படிகளில் எதையும் தாண்டிச் செல்ல முடியாது.

எனவே, மலாய் மொழியில் கிரெடிட் இல்லாத ஒருவர் முதுகலையில் சேர்வதற்கு முன், அந்தப் பாடத்திற்கு மட்டும் எஸ்பிஎம் மறுதேர்வு எழுதுவதே பிடிடி கனவுக்கு நேரான வழி. செலவும் பன்மடங்கு குறைவு.

வேலையில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதுகலைப் பட்டம் கையில் கிடைத்த மறுநாளே பதவி உயர்வு தானாக வராது. நிர்வாக உதவியாளராக இருக்கும் ஒருவர் அதிகாரி நிலைக்கு உயர, அந்தப் பதவி கேட்கும் அடிப்படைத் தகுதியான இளங்கலைப் பட்டத்தைத்தான் முதலில் பெற வேண்டும்.

அப்படியென்றால் இதில் என்ன படிக்கிறார்கள்?

சட்டம் இயற்றப்படுவதற்கும் அது ஒரு குடும்பத்தின் வாசலுக்கு வந்து சேர்வதற்கும் இடையில் நடப்பதைப் பற்றிய படிப்பு இது. பொதுக் கொள்கை, வரவு செலவுத் திட்டம், அரசியலமைப்பும் நிர்வாகச் சட்டமும், மனிதவள நிர்வாகம், பொறுப்புடைமையும் நெறிமுறையும், ஆய்வு முறைகள் ஆகியவை பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இடம்பெறும் பாடங்கள்.

நம்மவர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். தோட்டப்புறத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்ட ஒரு தமிழ்ப்பள்ளியைத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் நகர்ப்புறக் குடியிருப்புக்கு மாற்ற வேண்டும். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனு கொடுக்கின்றன. ஆண்டுகள் கடக்கின்றன. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள்.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தீபகற்ப மாநிலங்களில் நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. நகர்ப்புறத் திட்டமிடலும் வடிகால் விவகாரமும் இருவருக்கும் பொதுவானவை. ஆகவே, இடமாற்றத்திற்குக் கல்வி அமைச்சின் ஒப்புதல், மாநிலத்தின் நில அனுமதி, ஊராட்சி மன்றத்தின் கட்டட வரைபட ஒப்புதல் என மூன்று தனித்தனி வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. கட்டுமானத்துக்கான ஒதுக்கீடு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறுவது நான்காவது வாசல்.

எந்தக் கோப்பு எங்கே, யாருடைய கையெழுத்துக்காக நிற்கிறது, எந்த மாதத்தில் கேட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் சேரும் என்பதை அறிந்த ஒருவர் வாரியத்தில் இருந்தால் மனுவின் போக்கே மாறும். பொது நிர்வாகம் கற்றுத் தருவது இந்த அறிவைத்தான்.

ஒரு துறை உருவான கதை

நிர்வாகத்தைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று வாதிட்ட புகழ்பெற்ற கட்டுரையை, பின்னாளில் அமெரிக்க அதிபரான வுட்ரோ வில்சன் 1887-இல் எழுதினார். 1924-இல் அமெரிக்காவின் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் கல்லூரி தொடங்கப்பட்டு, பொது நிர்வாக முதுகலைக் கல்விக்கு வித்திட்டது.

மலேசியாவில் திருப்பம் 1966-இல் வந்தது. ஜான் மாண்ட்கோமரி, மில்டன் எஸ்மன் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கை, சுதந்திர நாட்டின் மேம்பாட்டுப் பணிகளுக்குப் பயிற்சி பெற்ற நிர்வாகிகள் தேவை என்று வலியுறுத்தியது. அதையொட்டி பிரதமர் துறையில் மேம்பாட்டு நிர்வாகப் பிரிவு அமைந்தது. அரசாங்க ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இன்டான் கழகம் 1972-இல் உருவானது.

இன்று மலாயாப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்திலும், சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் பொது நிர்வகிப்பிலும் முதுகலைப் படிப்பை வழங்குகின்றன. அண்டை நாடான சிங்கப்பூரில், 2004-இல் தொடங்கப்பட்ட லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி, ஐந்தாண்டுக்குக் குறையாத பணி அனுபவம் உள்ளவர்களுக்கு ஓராண்டு முதுகலைப் படிப்பை நடத்துகிறது. அந்நாட்டின் அதிபர் தர்மன் சண்முகரத்னம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பெற்றதும் பொது நிர்வாக முதுகலைப் பட்டமே.

சேர்வதற்கான தகுதி

இளங்கலைப் பட்டத்தில் 2.50 அல்லது அதற்கு மேற்பட்ட சிஜிபிஏ புள்ளி என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதற்குக் குறைவான புள்ளி பெற்றவர்களைத் தொடர்புடைய பணி அனுபவத்தின் அடிப்படையில் பல்கலைக்கழகங்கள் பரிசீலிக்கின்றன.

இளங்கலைப் பட்டமே இல்லாதவர்களுக்கு அப்பெல் என்ற வழி உள்ளது. முன் அனுபவத்தைக் கல்வித் தகுதியாக மதிப்பிடும் முறை இது. 30 வயதைத் தாண்டி, எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா தகுதியும் தொடர்புடைய பணி அனுபவமும் கொண்டவர்கள் மதிப்பீட்டில் தேறினால் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். அரசாங்கப் பதவியைக் குறிவைத்து இவ்வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாங்கள் பெறப்போகும் தகுதி அப்பதவிக்கு ஏற்கப்படுமா என்பதைப் பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ-விடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

1,600 மணி நேரம்

பாடங்களை அடிப்படையாகக் கொண்ட முதுகலைக்கு மலேசியத் தகுதிக் கட்டமைப்பு குறைந்தது 40 கிரெடிட் என வகுத்துள்ளது. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, ஆய்வறிக்கை எல்லாம் சேர்த்து 1,600 மணி நேரம்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக இரண்டரை ஆண்டுகளில் முடிக்க நினைப்பவர், விடுமுறை வாரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட வாரத்திற்கு ஏறக்குறைய 12 மணி நேரம் ஒதுக்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பு மட்டும்தானே என்று நினைத்துச் சேர்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். குறிப்பாக, பாடங்களை எல்லாம் முடித்த பிறகு எழுத வேண்டிய ஆய்வறிக்கைக்கு வகுப்பு அட்டவணை கிடையாது. கால ஒழுங்கைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த 12 மணி நேரத்தைக் கணவன் மனைவி இருவரும் முன்கூட்டியே பேசித் தீர்மானிப்பது அவசியம்.

பணத்திற்கு என்ன வழி?

பணி உறுதி செய்யப்பட்ட மத்திய அரசாங்க ஊழியர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஜேபிஏ வழங்கும் ஹாடியா லத்தேஹான் பெர்செக்குத்துவான் எனும் உபகாரச் சம்பளம். தேர்வு பெறுவோர் விடுப்பில் சென்று படிக்கலாம். படித்து முடித்த பின் குறிப்பிட்ட காலம் அரசாங்கத்தில் பணியாற்றும் ஒப்பந்தமும் உண்டு.

தனியார் துறையினர் ஊழியர் சேமநிதியில் உள்ள செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். ஆனால், எடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் பிற்காலச் சேமிப்பிலிருந்து குறைகிறது என்பதை மறக்கக்கூடாது.

வருமான வரியில், முதுகலைப் படிப்புக்குத் தாமே செலுத்தும் கட்டணத்திற்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்கு கோரலாம். இதைப் பலர் 7,000 ரிங்கிட் திரும்பக் கிடைக்கும் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்துதான் அத்தொகை கழிக்கப்படும். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு உண்மையில் மிச்சமாவது அதிகபட்சம் 770 ரிங்கிட்.

யாருக்கு இது பொருந்தும்?

அரசாங்கத் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றி, நிர்வாகப் பொறுப்பை எதிர்நோக்குபவர்களுக்கு இப்படிப்பு மிகவும் பொருந்தும். தலைமையாசிரியர் பொறுப்பை நோக்கிச் செல்லும் ஆசிரியர்கள், ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், அரசாங்க மானியத்தைக் கையாளும் பொது இயக்கங்களின் பொறுப்பாளர்கள், கொள்கை ஆய்வில் ஈடுபட விரும்புவோர் ஆகியோருக்கும் பயன் உண்டு. பணி அனுபவம் இருந்தால்தான் வகுப்பில் பேசப்படுவது மனத்தில் ஒட்டும்.

வேலை கிடைக்காத இடைவெளியை நிரப்ப மட்டும் சேரும் புதிய பட்டதாரிக்கு இது அவசரத் தேவை அல்ல. இரண்டாண்டு வேலைக்குப் பிறகு சேர்ந்தால் எதைப் படிக்கிறோம் என்ற தெளிவு இருக்கும். முதலாளியின் ஆதரவும் கிடைக்கக்கூடும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு, கூட்டரசுச் சேவையில் ஒரே நிலையில் உள்ள எல்லா இனத்தவரும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. பொதுச் சேவையில் இந்தியர்களின் பங்கு குறைவு என்ற ஆதங்கம் சமுதாயத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது. அது மாற வேண்டுமானால் விண்ணப்பிப்போர் பெருக வேண்டும். உள்ளே சென்றவர்கள் மேல்நிலைக்கு உயரத் தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளவும் வேண்டும். முதுகலைப் படிப்பு கைகொடுப்பது இரண்டாவது கட்டத்தில்தான்.

பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

- படிப்பு எம்கியூஏ-வின் தகுதிப் பதிவேட்டில் உள்ளதா என்று இணையத்தில் சரிபார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

- பாட முறையா, ஆய்வு முறையா, இரண்டும் கலந்ததா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

- பயிற்று மொழி மலாயா, ஆங்கிலமா, ஆய்வறிக்கையை எம்மொழியில் எழுதலாம் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

- ஒரு தவணைக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், பதிவு, தேர்வு, ஆய்வறிக்கை, கால நீட்டிப்பு ஆகியவற்றுக்கான கட்டணங்களையும் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் பெற வேண்டும்.

- அரசாங்க ஊழியர்கள் பதிவு செய்யும் முன் துறைத் தலைவரின் அனுமதியைப் பெற்றுவிட வேண்டும்.