சின்ன அறைக்கு ஒரு சின்ன வாத்தியம்: உங்களுக்கு ஏற்ற யுகுலேலே எது?

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசையோடு வாங்கிய இசைக்கருவி, மூன்றே மாதத்தில் பரணுக்குப் போய்விடுவது பல வீடுகளில் நடக்கிற கதை. ஆசையில் குறை இல்லை. வாங்கிய கருவிதான் ஆளுக்குப் பொருந்தவில்லை.

கிதாரின் தம்பி போல இருக்கும் யுகுலேலேக்கு நான்கே தந்திகள். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் இடத்திலும் சுவரில் மாட்டி வைக்கலாம். ஆனால் இதிலும் பல ரகங்கள் உண்டு.

கூலிக்குப் போனவர்களின் வாத்தியம்

போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகப் புறப்பட்ட 400-க்கும் மேற்பட்டவர்கள், 1879 ஆகஸ்டு 23-ந் தேதி ஹவாய்த் தீவில் கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்களில் மானுவல் நூனிஸ், அகஸ்டோ டயாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூவர் தச்சர்கள். சொந்த ஊரின் சிறு தந்தி வாத்தியத்தை ஒட்டி அவர்கள் ஹொனலூலுவில் செய்து விற்றதே யுகுலேலே ஆயிற்று. ஹவாய் மன்னர் கலாகவா இதை ஆதரித்து அரண்மனை விழாக்களில் ஒலிக்கச் செய்தார். ஹவாய் மொழியில் 'யுகு' என்றால் தெள்ளுப்பூச்சி. 'லேலே' என்றால் துள்ளுவது.

நான்கு அளவுகள்

சோப்ரானோ சுமார் 21 அங்குலம், கன்சர்ட் 23, டெனர் 26, பாரிடோன் 30. சோப்ரானோவின் ஒலி கணீரென்று, சிறு குரலாக இருக்கும். விரல் தடித்தவர்களுக்கு அதன் மெட்டுகள் நெருக்கமாகத் தோன்றும். அவர்கள் கன்சர்ட் வாங்குவது நல்லது.

பாட்டுப் பாடிக்கொண்டே தாளத்துக்குத் தந்தியை மீட்டுவதுதான் உங்கள் விருப்பமா? சோப்ரானோ அல்லது கன்சர்ட் போதும். சினிமாப் பாட்டின் மெட்டை ஒவ்வொரு சுவரமாக வாசிக்க ஆசையா? கழுத்து நீண்ட டெனரே வசதி. வழக்கமாக யுகுலேலேயின் நாலாவது தந்தி உச்சத்தில் ஒலிக்கும். அதற்குப் பதிலாகத் தாழ்ந்து ஒலிக்கும் தந்தியைப் போட்டால், கீழ் ஸ்தாயி சுவரங்களும் கிடைக்கும். பாரிடோனின் சுருதி அமைப்பு மற்ற மூன்றிலிருந்தும் மாறுபட்டது. கிதாரின் கடைசி நான்கு தந்திகளைப் போன்றது. கிதார் தெரிந்தவர்களுக்கு எளிது.

கடையில் பார்க்க வேண்டியவை

மும்பையில் தோபி தலாவ் போன்ற இடங்களில் கடைகள் இருக்கின்றன. பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். வெறும் தந்தியை மீட்டுங்கள். பிறகு அதே தந்தியை 12-வது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுவரம் மேல் ஸ்தாயியில் சுத்தமாக வரவேண்டும். அபசுவரமாக வந்தால் அந்தக் கருவி வேண்டாம். தந்தி மெட்டிலிருந்து மிக உயரத்தில் இருந்தால் விரல் வலிக்கும். மெட்டின் ஓரம் கையைக் கீறுகிறதா, பிரடை நழுவுகிறதா என்றும் பாருங்கள்.

மழைக்காலம் ஜாக்கிரதை

ஹவாயின் கோவா மரம் பெயர் பெற்றது, மகோகனியும் நல்லதே. ஒரே பலகையில் செய்தது இனிமையாக ஒலிக்கும். ஆனால் ஈரத்தில் ஊதும், வறட்சியில் வெடிக்கும். சுவர் கசியும் அறையில் இருப்பவர்களுக்கு ஒட்டுப்பலகைக் கருவியே பாதுகாப்பு, விலையும் குறைவு.

புது நைலான் தந்தி சில நாட்கள் இழுபட்டுச் சுருதி இறங்கும். அது பழுது அல்ல. திரும்பத் திரும்பச் சுருதி கூட்டினால் நிலைத்துவிடும். நைலான் தந்திக்கென்று செய்த கருவியில் கிதாரின் எஃகுத் தந்தியை மாட்டினால், இழுவை தாங்காமல் குதிரை பெயர்ந்துவிடும்.

நண்பர் வாங்கினார் என்பதற்காக அதே ரகத்தை வாங்க வேண்டாம். அளவுக்கு ஒன்றாகக் கையில் எடுத்து, தெரிந்த பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே மீட்டிப் பாருங்கள். குரலோடு எது இழைகிறதோ, அதற்கே பணத்தைக் கொடுங்கள்.