பெயர்த்துரைக்கப்படாத மொழி: ‘டெட் மேன்’ என்னும் அமெரிக்கப் படம்

ஒரு துறைக்குரிய மரபினை அறிந்தவரே, அம்மரபினைப் புலவன் எங்கே மாற்றினான், எதன் பொருட்டு மாற்றினான் என்று உணர வல்லவர். இது செய்யுளுக்கு மட்டுமன்றித் திரைப்படத்திற்கும் பொருந்தும். அமெரிக்கர் ‘வெஸ்டர்ன்’ என்றும், நம் மக்கள் ‘கௌபாய்ப் படம்’ என்றும் வழங்குவதும் அத்தகைய ஒரு துறையே. அதன் மரபுகளையெல்லாம் ஏற்று, பின் அவற்றைத் தலைகீழாக்கிய படம் ஒன்று உண்டு. ஜிம் ஜார்முஷ் எழுதி இயக்கி, 1995ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவில் காட்டப்பெற்ற ‘டெட் மேன்’ என்பதே அது. ‘இறந்த மனிதன்’ என்பது அப்பெயரின் பொருள்.

துறையின் மரபு

1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ இத்துறையின் தொடக்ககாலப் படங்களுள் புகழ்பெற்றது. 1939இல் ஜான் போர்டு இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ இத்துறைக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தது. இவ்வகைப் படங்கள் பலவற்றின் அடிப்படை ஒன்றே. கிழக்கே ஊரும் சட்டமும் உள்ளன. மேற்கே பரந்த வெளி உள்ளது. துணிந்து மேற்கே செல்பவன் புதுவாழ்வு பெறுகிறான். அவ்வெளியில் முன்பே வாழ்ந்த தொல்குடியினர், அதாவது செவ்விந்தியர் என நெடுங்காலம் அழைக்கப்பட்டோர், வழிமறிக்கும் பகைவராகவே பெரும்பாலும் காட்டப்பெற்றனர்.

அவர்தம் மொழிக்கு நேர்ந்தது யாது? புகழ்பெற்ற ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) என்னும் படத்தில் கொமாஞ்சி மக்களாக நவஹோ மக்கள் தோன்றினர். கொமாஞ்சித் தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்தவர். எம்மொழி எவர்க்கு உரியது என்னும் கவலை படம் எடுத்தோர்க்கு இல்லை. பேச்சு அங்கே வெறும் ஓசையாயிற்று.

கதையும் மாற்றமும்

‘டெட் மேன்’ படத்தின் தலைவன் கிளீவ்லண்டு நகரத்துக் கணக்கன். பெயர் வில்லியம் பிளேக். ஜானி டெப் இவ்வேடத்தை ஏற்றுள்ளார். மேற்கே ‘மெஷின்’ என்னும் ஊரில் வேலை கிடைக்குமென நம்பி இரயிலேறுகிறான். வண்டி செல்லச் செல்ல நகரத்து உடையினர் மறைந்து, தோலாடை அணிந்த வேட்டைக்காரர் நிறைகின்றனர். அவர்கள் சன்னல் வழியே காட்டெருமைகளைச் சுடுகின்றனர். இது கற்பனை மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் இருந்த அவ்விலங்குகள், 1880களின் இறுதியில் காட்டில் சில நூறாகக் குறைந்தன. அவற்றை நம்பி வாழ்ந்த மக்களின் வாழ்வும் உடன் அழிந்தது.

ஊரை அடைந்த பிளேக்கிற்கு வேலை இல்லை. அன்றிரவே குண்டு அவன் நெஞ்சில் பாய்கிறது. அவனும் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடுகிறான். காட்டில் அவனைக் காக்க முற்படும் தொல்குடியினன் தன்னை ‘நோபடி’, அதாவது ‘எவனுமல்லன்’, என்று கூறிக்கொள்கிறான். சிறுவயதில் படைவீரர் அவனைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று காட்சிப்பொருளாக்கினர். அங்கே பள்ளியில் அவன் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் (1757–1827) பாக்களைக் கற்றான். ஆகவே கணக்கனின் பெயரைக் கேட்டதும், இறந்த கவிஞரே எதிரில் நிற்கிறார் என மகிழ்கிறான். கணக்கனோ அக்கவிஞரை அறியான். எவனைக் கல்லாதவன் என்று பழைய படங்கள் காட்டினவோ, அவனே இங்குக் கவிதையைக் காப்பவன்.

இதனினும் பெரிய மாற்றம் மொழியில் உள்ளது. படத்தில் கிரீ, பிளாக்பூட் முதலிய மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றுக்குத் திரையின் கீழ் ஆங்கில எழுத்து இடப்படவில்லை. அப்பகுதிகளை அம்மொழியாளர்க்கே உரியனவாக இயக்குநர் விட்டுவைத்தார். நோபடியாக நடித்த கேரி பார்மர் கயூகா இனத்தவர்; தமக்குரியதல்லாத அம்மொழிகளைப் பயின்று பேசினார்.

பொருள் விளங்காத உரையாடல் குறையன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. முன்பெல்லாம் அம்மக்கள் பிறருக்காகப் பேசினர். இங்கே தம்மவரை நோக்கிப் பேசுகின்றனர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் சிறிது நேரம் வாயிற்புறத்தில் நின்று கேட்கும் நிலை வருகிறது. ஆயினும் கதையின் நடுவிடத்தில் வெள்ளையனே இருக்கிறான் என்பதையும் மறைத்தற்கில்லை.

துறையில் இதன் இடம்

இத்தகைய படங்களை ‘ஆசிட் வெஸ்டர்ன்’ என்பர். திறனாய்வாளர் ஜொனதன் ரோசன்பாம் இத்தொடரை விரித்து விளக்கினார். மேற்குப் பயணம் இவற்றில் புதுவாழ்வை நோக்கியதன்று; சாவை நோக்கியது. மாண்டி ஹெல்மனின் ‘தி ஷூட்டிங்’ (1966) இவ்வழியில் முன் சென்றது. ராபி முல்லரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும், நீல் யங் கிதாரில் இசைத்த இசையும் ‘டெட் மேன்’ படத்திற்கு இரங்கற்பாவின் தன்மையைத் தருகின்றன. ஏறத்தாழ 90 இலட்சம் டாலர் செலவில் உருவான இப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டியது ஏறத்தாழ 10 இலட்சமே. எனினும் இத்துறையை ஆராய்வோர் இதனை விட்டுச் செல்வதில்லை.

கொலைக் காட்சிகள் மிக்க படமாதலின் சிறுவர்க்கு இது ஏற்றதன்று. ஆனால் மொழி கற்பிக்கும் ஆசிரியர் காணத் தக்கது. ஒரு மொழியைப் பிறர் கேட்கும்படி ஒலிக்கச் செய்வது எளிது. அம்மொழியைப் பேசுவோரையே கேட்போராகவும் கருதி ஒரு சொல்லேனும் அவர்க்கென உரைப்பது அரிது. அவ்வரிய செயலை ஒரு கௌபாய்ப் படம் செய்துள்ளது.