டிராக்டருக்கு எந்த ஆயில்? கேனில் உள்ள எண்ணைப் படிப்போம்!



பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணம் வரை நம் கடற்கரை ஓரத்தில் டீசல் என்ஜினை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் ஆயில் என்ஜின், உழவுக்கும் லோடு அடிக்கவும் போகும் டிராக்டர் எல்லாவற்றுக்கும் உயிர் என்ஜின் ஆயில்தான். குழுக் கடனில் டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடும்போது ஆயில் செலவையும் குழுக் கணக்கில்தான் எழுதுகிறோம். ஆனால் எந்த ஆயில் என்று முடிவு செய்வது டிரைவரும் கடைக்காரரும்! "சிந்தெடிக் போடுங்க, எந்தக் குளிரையும் தாங்கும்" என்று சொன்னால் நாமும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தக் குளிர் நம் ஊரில் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

இதைத் தெரிந்துகொள்ள நாம் மெக்கானிக் ஆக வேண்டாம். கேனில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எண் என்ன சொல்கிறது?

15 டபிள்யூ-40, 20 டபிள்யூ-40, 5 டபிள்யூ-40 என்று கேனில் போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்க்கிறோம் இல்லையா? அதுபோல என்ஜின் ஆயிலும் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். அப்போது செல்ப் அடித்தாலும் என்ஜின் சுற்றாது. சுற்றினாலும் ஆயில் மேலே ஏறுவதற்குள் பாகங்கள் தேய்ந்துபோகும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, அந்த ஆயில் அதிகக் குளிரிலும் இளகி ஓடும்.

பின்னால் உள்ள 40 என்ற எண், என்ஜின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. இதை 100 டிகிரி சூட்டில் சோதிக்கிறார்கள்.

குளிர் ஊரும் நம் ஊரும்

லடாக்கில் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். அங்கே டீசலே உறைந்துவிடும் என்பதால், 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை அறிமுகப்படுத்தியது. அப்படிப்பட்ட இடத்தில் 5 டபிள்யூ, 0 டபிள்யூ சிந்தெடிக் ஆயில் அவசியம்தான். 5 டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 0 டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் வைத்து என்ஜின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள்.

சாதாரண 15 டபிள்யூ ஆயிலுக்கே அந்தச் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. 20 டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15. நம் கடற்கரையில் தை மாத விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டியில் உறைபனி விழும் காலையிலும் 15 டபிள்யூ தாராளமாக ஓடும். அப்படியிருக்க, குளிருக்கென்று நாம் கூடுதல் காசு கொடுப்பானேன்?

சிந்தெடிக் மோசமான ஆயில் அல்ல. சூட்டிலும் சீக்கிரம் கெடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். லிட்டர் சாதா ஆயில் 300 ரூபாய், சிந்தெடிக் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 7 லிட்டர் என்றால் வித்தியாசம் 2,800 ரூபாய். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, வருடம் 1,000 மணி நேரம் ஓட்டினால் 11,200 ரூபாய். கடன் தவணைக்குப் போக வேண்டிய பணம் இது! "இதைப் போட்டா ரெண்டு மடங்கு நேரம் ஓட்டலாங்க" என்பார்கள். டிராக்டர் கம்பெனியின் புத்தகம் அப்படிச் சொன்னால் மட்டும் நம்புங்கள். இல்லையென்றால் வாரண்டி போய்விடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. டிராக்டரோடு வந்த புத்தகத்தில் உள்ள ஆயில் ரகத்தை எழுதிக்கொண்டு போங்கள். நம் பக்கத்து டிராக்டர்கள் பலவற்றுக்கு 15 டபிள்யூ-40 அல்லது 20 டபிள்யூ-40 இருக்கும். பழைய ஆயில் என்ஜின் சிலவற்றுக்கு டபிள்யூ இல்லாத ஆயில் சொல்லியிருப்பார்கள்.

2. ஏ.பி.ஐ. என்ற இடத்தில் சி.எச்-4, சி.ஐ-4 என்று 'சி'யில் தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு உரியது. 'எஸ்' மட்டும் இருந்தால் பெட்ரோல் வண்டிக்கானது. புதிய பெரிய டிராக்டர்களில் புகை வடிகட்டி இருந்தால் அதற்குத் தனி ரகம் உண்டு. புத்தகத்தைப் பாருங்கள்.

3. ஹைட்ராலிக் ஆயில் வேறு, என்ஜின் ஆயில் வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது.

4. சீல் உடையாத கேன், ரசீது இரண்டும் கட்டாயம். காலி கேனை உடைத்துப் போடுங்கள். கள்ள ஆயில் அடைப்பவர்களுக்கு அது உதவக் கூடாது.

நம் ஊரின் உண்மையான எதிரி

நமக்குப் பகை வெயிலும் உப்புக்காற்றும் புழுதியும்தான். ஏர் பில்டரைச் சுத்தமாக வைக்காவிட்டால் எந்த உயர்ந்த ஆயிலும் காப்பாற்றாது. தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் குச்சியை எடுத்து அளவு பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. உடனே என்ஜினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதோடு ஓட்டினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். செலவோ ஆயில் விலையைப் போலப் பல மடங்கு!

ஐப்பசி மழையில் உப்பளம் நின்று என்ஜின் சும்மா கிடக்கும். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதோடு மாதக்கணக்கில் நின்றால் உள்ளே அரித்துவிடும். நிறுத்தி வைப்பதற்கு முன்பே புது ஆயில் மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலைப் பாத்தியிலும் மண்ணிலும் கொட்டாமல் கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள். உப்பும் குடிநீரும் கெடக் கூடாது அல்லவா?

கடன் பதிவேடு போல ஆயிலுக்கும் ஒரு நோட்டு போடுவோம். மாற்றிய தேதி, மீட்டர் காட்டிய மணி, ஆயில் ரகம், விலை என நான்கே கட்டம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு டிராக்டர் புத்தகத்தை எடுத்து வாருங்கள். ஆயில் பக்கத்தைச் சேர்ந்து படித்து, எல்லோருக்கும் தெரியும்படி தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போம்.